கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு குக்கர் ரப்பர்

[காட்சி: சமையலறை மேடையில் குக்கர் மூடி. ஓரத்தில் வெடித்துப்போன ரப்பர்.]

வணக்கம். கையில் இருப்பது எங்கள் வீட்டு குக்கர் மூடி. ரப்பர் போய்விட்டது. விசில் வருவதற்குப் பதில் ஓரமெல்லாம் ஆவி, பருப்பு வேகவே இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய மாலுக்குப் போனேன். குக்கர் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ரப்பர் இல்லை. தனியாக விற்பதில்லையாம். ஒரு ரப்பருக்காக ஒரு குக்கரே வாங்கு என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். ஆயா சிரித்தாள். "கிரே ஸ்ட்ரீட்டுக்குப் போ கண்ணு, ஆணியில மாட்டித் தொங்கவிட்டிருப்பான்."

[காட்சி: டர்பன் நகரின் நடுவே ஒரு தெரு. பாதி இறங்கிய ஷட்டர்.]

வியாழக்கிழமை போனேன். மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது, ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். கடைக்கார அங்கிள் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னார்: "போட்டோ வேலைக்கு ஆகாதும்மா. மூடியைக் கொண்டு வா." அவ்வளவுதான், ஷட்டர் முழுசா இறங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அதே வரிசையில் பல கதவுகளில் துருப்பிடித்த பூட்டு. ஆனால் தெருவில் காலை வைக்க இடமில்லாத கூட்டம்! கூட்டம் இருக்கிறது, கடை இல்லை. இது எப்படி? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: பழைய வரைபடம். தெருப்பெயர்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன.]

இப்போது அந்தத் தெருவின் பெயர் டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்கிறேன். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் அவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் காய்கறி பயிரிட்டுக் கூடையில் சுமந்து வந்து விற்றார்கள். பின்னால் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த குஜராத்தி வியாபாரிகள் துணிக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை வைத்தார்கள். இரண்டும் சேர்ந்த இடம்தான் கிரே ஸ்ட்ரீட்.

அந்தக் கட்டடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கீழே கடை, நடைபாதைக்கு மேல் தாழ்வாரம், மாடியில் வீடு. மாடியில் குடும்பம் இருந்தால் கீழே இருக்கும் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்கும் வாடிக்கை உண்டு. பால் தீர்ந்துவிட்டது, பல்பு போய்விட்டது, பையனுக்குக் காய்ச்சல். இந்த மாதிரிச் சின்னத் தேவைகள்தான் ஒரு தெருவைத் தினமும் நடத்துகின்றன. கல்யாணப் புடவை நடத்தாது, அது வருடத்துக்கு ஒருமுறை.

கடைக்கும் வீட்டுக்கும் இருந்த இந்தப் பிணைப்பைத்தான் சட்டம் அறுத்தது. 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தார் எங்கே வாழலாம், எங்கே கடை வைக்கலாம் என்று கோடு கிழித்தது. இந்தியர்களை நகரத்தை விட்டுத் தள்ளி, 1960களில் சாட்ஸ்வொர்த், 1970களில் பீனிக்ஸ் என்று குடியேற்றினார்கள். 1973இல் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்தில் இந்தியர்கள் வியாபாரம் செய்யலாம், குடியிருக்கக் கூடாது என்று ஆனது. அதே வருடம் விக்டோரியா ஸ்ட்ரீட் இந்தியர் சந்தையும் தீப்பிடித்து எரிந்தது. என்ன வருடமோ அது. சட்டம் 1991இல் போய்விட்டது. ஆனால் பதினைந்து, இருபத்தைந்து வருடமாக வேறு ஊரில் வேர் பிடித்த குடும்பம் சட்டம் போனதும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வருமா?

[காட்சி: மால்களின் கார் நிறுத்துமிடம், மேலிருந்து.]

அதற்குள் மால்கள் வந்துவிட்டன. வெஸ்ட்வில்லில் பெவிலியன், உம்ஹ்லாங்காவில் கேட்வே. கார் வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், அவர்கள் பின்னாலேயே பெரிய கடைகளும் போயின. 2021 ஜூலைக் கலவரத்தில் நகர நடுவிலும் கடைகள் சூறையாடப்பட்டன. சிலர் அப்போது இறக்கிய ஷட்டரைத் திரும்ப ஏற்றவில்லை.

[காட்சி: வார்விக் சந்திப்பு, காலை ஆறு மணி. மினிபஸ் வரிசை.]

சரி, கூட்டத்துக்கு வருவோம். கிரே ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வார்விக் சந்திப்பு. ரயில், பஸ், டாக்ஸி எல்லாம் கூடும் இடம். டாக்ஸி என்றால் இங்கே பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு போகும் வேன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,60,000 பேர் இந்தச் சந்திப்பைக் கடப்பதாகக் கணக்கு. எந்த மாலுக்கு இந்தக் கூட்டம் வரும்?

ஆக, ஆள் இல்லை என்பது பொய். இந்த ஆட்கள் நிற்பதில்லை, ஐந்து மணிக்கு மேல் இருப்பதுமில்லை. சிக்கல் அதுதான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் நடைபாதை வியாபாரிகள். தக்காளி, சோப்பு, காலுறை, போன் சார்ஜர், அவித்த சோளம். மக்களுக்குத் தினமும் வேண்டியது எதுவோ அது அவர்கள் மேஜையில் இருக்கும். 1990களின் நடுவிலிருந்து நகராட்சியும் வார்விக்கில் அவர்களை விரட்டாமல் நிழல், தண்ணீர், சரக்கு வைக்க இடம் என்று செய்து கொடுத்தது. கட்டி முடிக்காமல் பாதியில் விட்ட ஒரு மேம்பாலத்தின் மேல் மூலிகைச் சந்தை வைத்தார்கள். நான் டர்பனில் மெச்சும் வேலைகளில் அது ஒன்று.

அதே நகராட்சி 2009இல், 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால் அங்கே இருக்கும் அதிகாலைச் சந்தையை இடித்து மால் கட்டப் போனது. நம் தாத்தாக்கள் கூடையோடு உட்கார்ந்த சந்தை அது. வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. சந்தை இன்றும் நடக்கிறது.

[காட்சி: மூடிய ஷட்டர் முன்னால் வெங்காயம் விற்கும் பெண்.]

"நடைபாதைக்காரர்களால்தான் கடைகள் போயின" என்று கல்யாண வீடுகளில் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. வெங்காயக்காரி உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை திறந்தால் இரண்டு பேருக்கும் லாபம். வெங்காயம் வாங்க நிற்கிறவள் தலைவலி மாத்திரையும் வாங்குவாள்.

அப்படியானால் அந்த மருந்துக்கடை ஏன் திறக்கவில்லை? முதலில் வாடகை. சின்னக் கடைக்காரர் பல வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வாடகை வருடா வருடம் ஏறும். வியாபாரம் ஏறுமா என்று யார் சொல்வது? முதல் வருடம் விற்பனையில் இத்தனை பங்கு என்று வாடகை வாங்கினால் கடைக்காரரும் கட்டடக்காரரும் ஒரே படகில் இருப்பார்கள். பூட்டிக் கிடக்கும் கடையிலிருந்து இப்போது வருவது பூஜ்யம்தானே.

அடுத்தது குப்பை, விளக்கு, பயம். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு வட்டாரத்துச் சொத்துக்காரர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டால் கூடுதல் வரி கட்டி, அந்தப் பணத்தை அந்த வட்டாரத்துக்கே செலவழிக்கலாம். பெருக்க ஆள், காவலுக்கு ஆள். ஆனால் ஒன்று: காவலாளி வெங்காயக்காரியை விரட்டத் தொடங்கினால் காரியம் கெட்டது. இரண்டு கழிப்பறை கட்டிச் சுத்தமாக வையுங்கள், அரை மணி நேரம் கூடுதலாக மக்கள் தெருவில் நிற்பார்கள். நான்கு பிள்ளைகளோடு கடைத்தெரு போன அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, எந்தக் கடை முதலில் என்பது. ஜோகன்னஸ்பர்க்கில் மபோனெங் என்று ஒரு வட்டாரம். 2009 வாக்கில் ஓவியக்கூடம், காபிக்கடை என்று பிரமாதமாக எழும்பியது. 2019இல் அங்கே பல கட்டடங்கள் ஏலத்துக்கு வந்தன. காபி எனக்கும் பிடிக்கும். ஆனால் மளிகை, மருந்து, முடிவெட்டு, செருப்பு ரிப்பேர், இவையெல்லாம் இல்லாத தெருவில் தினமும் யார் நடப்பார்கள்?

மால்களே ஒரு வாய்ப்பை விட்டு வைத்திருக்கின்றன. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மால் ஒப்பந்தத்தில் "எனக்குப் போட்டியாக வேறு மளிகையோ கறிக்கடையோ வரக்கூடாது" என்று எழுதி வாங்குவது வழக்கமாக இருந்தது. நாட்டின் போட்டி ஆணையம் 2019 அறிக்கையில் இதைக் கண்டித்து, ஐந்து வருடத்துக்குள் ஒழிக்கச் சொன்னது. கிரே ஸ்ட்ரீட்டில் யாருக்கும் அப்படி ஒரு தடை கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் மூன்று மசாலாக் கடை இருக்கலாம், விலையும் இறங்கும்.

[காட்சி: சனிக்கிழமை. அதே கடை, ஷட்டர் முழுக்க ஏறியிருக்கிறது.]

சனிக்கிழமை காலையில் மூடியோடு போனேன். ஆயா சொன்னது சரி, ஆணியில்தான் தொங்கின, பதினைந்து இருபது வளையங்கள். அங்கிள் ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் வைத்து, கட்டை விரலால் சுற்றி அழுத்திப் பார்த்தார். நான்காவது பொருந்தியது. இரண்டாக வாங்கிக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் மூடுகிறீர்கள் என்று கேட்டேன். "பீனிக்ஸுக்கு டாக்ஸி பிடிக்கணும்மா. இருட்டினா வரிசையில நிக்க முடியாது." மாடியைக் காட்டினார். சின்ன வயதில் அங்கேதான் குடியிருந்தாராம். இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அட்டைப்பெட்டி," என்றார்.

[காட்சி: மாடி ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய பெட்டிகள். கீழே தெருச் சத்தம்.]