தம்பி ஏன் அண்ணனைக் கொன்னான்? 'தி காட்ஃபாதர்' படங்களில் ஃப்ரெடோவின் கதை

(திரையில்: பழக்கடை, தெரு, கறுப்பு நிற கார்)

நியூயார்க்ல ஒரு பழக்கடை வாசல். ஒரு பெரியவர் ஆரஞ்சு வாங்கிட்டு இருக்காரு. ரெண்டு பேர் ஓடி வந்து அவரைச் சுடறாங்க. கார்ல வந்த அவரோட மகன் துப்பாக்கியை எடுக்கிறான், கை நடுங்குது, துப்பாக்கி கீழ விழுந்துடுது. அப்பா ரோட்டுல சரிஞ்சு கிடக்க, அவன் பக்கத்துல உக்காந்து அழறான்.

1972ல வந்த 'தி காட்ஃபாதர்' படத்துல வர்ற காட்சி இது. அந்த மகன் பேரு ஃப்ரெடோ. இந்தப் படத்தைப் பத்திப் பேச்சு வந்தாலே மார்லன் பிராண்டோ, அல் பசினோன்னுதான் போகும். ஆனா குற்றத்தொழில் பண்ற ஒரு குடும்பத்துக்குள்ள விசுவாசம் எங்க விரிசல் விடுதுன்னு தெரியணும்னா ஃப்ரெடோவைத்தான் பாக்கணும்.

(திரையில்: சன்னி, ஃப்ரெடோ, மைக்கேல், கானி. பக்கத்துல வளர்ப்பு மகன் டாம்)

குண்டடி பட்ட அந்தப் பெரியவர்தான் குடும்பத் தலைவர் விட்டோ கார்லியோனி. அவருக்கு மூணு பையன், ஒரு பொண்ணு. மூத்தவன் சன்னியைச் சுட்டுக் கொன்னுடறாங்க. வரிசைப்படி அடுத்தவன் ஃப்ரெடோ. ஆனா அப்பாவோட நாற்காலி போறது தம்பி மைக்கேலுக்கு. அண்ணன் இருக்கும்போது தம்பிக்குப் பட்டம். இதுல இருக்கற வலி என்னன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்ல.

சரி, ஃப்ரெடோவுக்குத் தொழில் நடத்தற திறமை இருக்கா? இல்ல. அதைப் படம் மறைக்கவே இல்ல. அவனை லாஸ் வேகாஸுக்கு அனுப்பி வைக்கிறாங்க. அங்க ஒருத்தன் ஊரறிய அவனை அறைஞ்சிருக்கான். அந்த ஆளுக்காகவே ஃப்ரெடோ பரிஞ்சு பேசுறான். அப்போ மைக்கேல், குடும்பத்துக்கு எதிரா இனிமே யார் பக்கமும் பேசாதேன்னு எச்சரிக்கிறான். தம்பி அண்ணனை எச்சரிக்கிறான், அதுவும் மத்தவங்க முன்னாடி. ரெண்டாவது படத்துல வெடிக்கப் போறது எல்லாமே இங்கயே மூட்டம் போட்டாச்சு.

1974ல 'தி காட்ஃபாதர்' ரெண்டாம் பாகம். மைக்கேலோட படுக்கையறை ஜன்னல் வழியா சரமாரியா குண்டு பாயுது. எதிரிக்குத் தகவல் கொடுத்தது ஃப்ரெடோ. கொலை முயற்சி நடக்கும்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்றான். நான் அதை நம்புறேன். அந்த முகம் பொய் சொல்ற முகமா எனக்குத் தோணல.

இனி வர்ற காட்சியை நிதானமா பாக்கணும். ஏரிக்கரை வீடு, ஜன்னலுக்கு வெளிய பனி. ஃப்ரெடோ ஒரு சாய்வு நாற்காலியில சரிஞ்சு கிடக்கிறான், எழுந்து நிக்கக்கூட முடியாத மாதிரி. நான் உன்னை எப்பவும் பாத்துக்கிட்டேன்னு மைக்கேல் சொன்னதும் அவன் வெடிக்கிறான். நீ என் தம்பி, நீ என்னைப் பாத்துக்கறதா? ஏர்போர்ட்டுக்குப் போய் ஆளைக் கூட்டிட்டு வா, அங்க போ, இங்க போன்னு என்னை எடுபிடி வேலைக்குத்தானே அனுப்புறீங்க? எனக்கும் மூளை இருக்கு, என்னாலயும் முடியும்னு கத்துறான்.

நமக்குத் தெரிஞ்ச கதையில இராவணனை விட்டுப் போனவன் விபீடணன். தப்புன்னு தெரிஞ்சும் கூடவே நின்னு செத்தவன் கும்பகர்ணன். ஒருத்தனுக்கு அறம், இன்னொருத்தனுக்குச் செஞ்சோற்றுக் கடன். ஃப்ரெடோகிட்ட இந்த ரெண்டு பெரிய காரணமும் கிடையாது. அவன் கேட்டது மரியாதை மட்டும்தான். அது வீட்டுல கிடைக்கல, எதிரி கொடுக்கறேன்னு சொன்னான். என் கணிப்புல, அந்தக் குடும்பம் எல்லார்கிட்டயும் விசுவாசத்தைக் கேட்டு வாங்கிச்சு, ஃப்ரெடோவுக்கு மட்டும் திருப்பி எதுவும் கொடுக்கல.

மைக்கேல் என்ன பண்றான்? அம்மா உயிரோட இருக்கற வரைக்கும் இவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தன் ஆள்கிட்ட சொல்றான். பாசத்துல சொன்ன மாதிரி இருக்கும். ஆனா அது தேதி மட்டும் போடாத மரண தண்டனை.

அம்மா இறந்துடறாங்க. தங்கச்சி கானி அண்ணன்கிட்ட வந்து, ஃப்ரெடோவை மன்னிச்சிடுன்னு கெஞ்சுறா. இந்தக் கானியோட புருஷனைக் கொல்லச் சொன்னதே மைக்கேல்தான். அதுவும் அவ குழந்தையோட ஞானஸ்நானத்துல ஞானத்தந்தையா நின்ன அதே நாள்ல. அப்படிப்பட்டவ வந்து கேட்டும் அவன் மனசு மாறல. ஃப்ரெடோவைக் கட்டிப்பிடிக்கிறான், அந்தப் பிடியிலேயே தன் ஆளை நிமிர்ந்து பாக்கறான். ஏரியில, படகுல, மீன் பிடிக்க உக்காந்து ஜபம் சொல்லிட்டு இருக்கும்போது ஃப்ரெடோவைச் சுட்டுடறாங்க.

கானியா நடிச்ச டாலியா ஷையர், இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவோட சொந்தத் தங்கச்சி. ஞானஸ்நானக் காட்சியில வர்ற குழந்தை கொப்போலாவோட மகள் சோஃபியா. ரெண்டாம் பாகத்து இசைக்கு நினோ ரோட்டாவோட சேர்ந்து ஆஸ்கார் வாங்கினவர் அவரோட அப்பா கார்மைன். தன் வீட்டு ஆட்களையே சுத்தி நிறுத்தி வச்சு இந்தக் கதையை எடுத்திருக்காரு. ஃப்ரெடோவா நடிச்ச ஜான் கஸால் மொத்தம் நடிச்சது 5 முழுநீளப் படம்தான், அஞ்சும் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரைக்குப் போச்சு. 1978ல அவர் இறந்துட்டாரு.

இங்க 'நாயகன்' ஞாபகம் வராம இருக்காது. 1987ல மணிரத்னம் எடுத்தது. அதுலயும் தொழில் குடும்பத்தைத் தின்னுது. மகனைப் பறிகொடுத்தாச்சு, மகள் சாருமதி அப்பாவை நேருக்கு நேர் கேள்வி கேட்டுட்டு வீட்டை விட்டே போயிடறா. அவளுக்கு வாசல் திறந்திருந்தது. வெளிய போய் வேற வாழ்க்கை அமைச்சுக்கற தெம்பும் இருந்தது. ஃப்ரெடோவுக்கு அந்தத் தெம்பு இல்ல, போக இடமும் இல்ல. அதனாலதான் எனக்கு அவன் கதை இன்னும் கொடுமையாத் தெரியுது.

ரெண்டாம் பாகத்துல மைக்கேல் அம்மாகிட்ட தனியா உக்காந்து, குடும்பத்துக்காக உறுதியா நின்னே ஒருத்தன் குடும்பத்தை இழந்துடுவானான்னு கேக்கறான். அம்மாவுக்குக் கேள்வியே புரியல. குடும்பத்தை எப்படிப்பா இழக்க முடியும்னு சொல்றாங்க.

1990ல வந்த மூணாம் பாகத்தைப் பலர் மட்டம்னு ஒதுக்கிடறாங்க. முதல் ரெண்டுக்கு அது ஈடு இல்லைங்கறதை நானும் ஒத்துக்கறேன். ஆனா அதுல வயசான மைக்கேல் ஒரு கார்டினல்கிட்ட பாவமன்னிப்பு கேக்கற காட்சி இருக்கு. பாவங்களை ஒவ்வொண்ணா சொல்லிட்டு வந்து, கடைசியில, என் அம்மாவோட மகனைக் கொன்னுட்டேன், என் அப்பாவோட மகனைக் கொன்னுட்டேன்னு உடைஞ்சு அழறான். அந்த ஒரு காட்சிக்காகவாவது மூணாவது படத்தையும் பாருங்க. ஆனா ரெண்டாவதைப் பாத்த சூட்டோட பாருங்க.