கோவாவோட 30 எஸ்குடோ நோட்டு

வணக்கம் நேயர்களே. பழைய நோட்டு சேக்குறவங்க பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா நோட்டு, ஜார்ஜ் மன்னர் படம் போட்டதுன்னு தேடுவாங்க, நான் இன்னைக்குப் பேசப்போறது போர்ச்சுகீசியர் ஆண்ட காலத்துல கோவா, டாமன், டையூல புழங்குன காகிதப் பணம் பத்தி.

அதைப் போட்டது பாங்கோ நசியோனல் உல்ட்ராமரீனோங்கிற பேங்க், 1864ல லிஸ்பன்ல ஆரம்பிச்சது, மொசாம்பிக், மக்காவ், திமோர்னு அவங்க காலனிகள்ல பலதுக்கும் நோட்டு போட்டதே இவங்கதான். கோவால கணக்கு ரூபியால, அதாவது அவங்க ரூபாய்ல, 16 தங்கா சேந்தா ஒரு ரூபியா, அப்படியே நம்ம 16 அணா கணக்கு. 1917ல 4 தங்கா, 8 தங்காவுக்குக்கூட நோட்டு வந்துச்சு, அதாவது கால் ரூபா, அரை ரூபாய்க்கு காகிதம்!

எனக்கு உசுரு 1959 சீரிஸ்தான். அதுல 100, 1000 இருக்கு சரி, கூடவே 30, 60, 300, 600 எஸ்குடோன்னு (போர்ச்சுகல் நாட்டுப் பணத்தோட பேரு) இருக்கும், இப்படி நம்பர்ல யாராவது நோட்டு அடிப்பாங்களான்னு தோணும்ல? ரூபியாவை எடுத்துட்டு எஸ்குடோ கொண்டுவந்தப்போ ஒரு ரூபியாவுக்கு 6 எஸ்குடோன்னு வச்சாங்க, அப்போ 30ங்கிறது பழைய 5 ரூபியா, 60ங்கிறது 10, 300ம் 600ம் 50, 100 ரூபியா. சந்தைக்குப் போறவங்க மனசுல இன்னும் ரூபியா கணக்குதான் ஓடுதுன்னு அந்த பேங்குக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க. அந்த 30 எஸ்குடோ நோட்டுல இருக்கிறவர் அல்புகெர்க், 1510ல கோவாவைப் பிடிச்சவர். அவர் படம் போட்ட இந்த நோட்டு மூணு வருஷம்கூட முழுசா ஓடல, 1961 டிசம்பர் 19ல போர்ச்சுகீசிய ஆட்சியே முடிஞ்சுபோச்சு.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லா காலனியையும் ஒரேயடியா பிடிக்கப் போகாதீங்க, ஒரு ஊரு, ஒரு சீரிஸ் போதும். பட்ஜெட் கம்மின்னா மொசாம்பிக் பக்கம் போங்க, 1975ல சுதந்திரம் வாங்கினப்புறம் அந்தப் பழைய காலனி நோட்டு மேலயே புது பேங்க் பேரை அச்சடிச்சு விட்டாங்க, பழைய படம் அப்படியே இருக்கும், அது விலை கம்மிதான், நல்ல கண்டிஷன்லயே கிடைக்கும்.

அப்புறம் ஒண்ணு, தயவுசெஞ்சு நோட்டைக் கழுவாதீங்க, அயர்ன் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மடிப்பு இருந்தா இருக்கட்டும், அது நாலு பேர் கை மாறின நோட்டு. பிவிசி இல்லாத கவரா பாத்து வாங்கி, வெயில் படாம வைங்க. நன்றி, வணக்கம்.