ஆச்சி முகமும் 36 ஃப்ரேமும்

மக்களே வணக்கம், மணி ராத்திரி ஒம்பதரை, கல்லிடைக்குறிச்சியில ஆச்சி வீட்டு பின்கட்டுல நிக்கேன். வெளிச்சம் புகாத இந்த கருப்பு டேங்க் உள்ள சாயங்காலம் ஆச்சிய படம் எடுத்த ஃபிலிம் ரோல் கெடக்கு, இன்னும் கழுவல, பேசிக்கிட்டே கழுவுவோம்.

போன மாசம் நடந்தத மொதல்ல சொல்லிடுதேன். ஆச்சிக்கு 84 வயசு, வெள்ளச்சேலதான் கட்டுவாவ. சுண்ணாம்பு அடிச்ச சுவரு முன்னால திண்ணையில உக்கார வச்சு, கேமராவுல வெளிச்சம் அளக்குற மீட்டர் காட்டுனத அப்படியே நம்பி முழு ரோலும் எடுத்துட்டேன். கழுவிப் பாத்தா சேல இருக்கு, சுவரு இருக்கு, முகம் வரவேண்டிய எடத்துல நெகட்டிவ் வெறும் கண்ணாடி மாதிரி கெடக்கு, ஒரு சுருக்கம் கூட பதியல. மீட்டருக்கு முகம் எது சுவரு எதுன்னு தெரியாதுல்லா, எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் நெறம்னு வச்சுத்தான் கணக்கு போடும், இவ்வளவு வெள்ளையப் பாத்ததும் வெளிச்சம் ஜாஸ்தின்னு கொறச்சு காட்டிருச்சு, அடி வாங்குனது கருத்த முகம். அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல, அந்த முகத்துக்காகத்தான் நான் பழைய பென்டாக்ஸ் கே1000 கேமரா வாங்குனதே.

இப்போ என்ன பண்ணுதேன்னா, ஆச்சி மேல விழுற அதே வெளிச்சத்துல என் உள்ளங்கைய நீட்டி அதுல மட்டும் மீட்டர் பாக்குதேன். உள்ளங்கை யாருக்கும் அந்த சாம்பல விட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளுப்பு, அதனால மீட்டர் காட்டுறதுல இருந்து லென்ஸ ஒரு ஸ்டாப் தொறந்துருவேன். சேல என்ன நெறமா இருந்தாலும் இதுக்கு கவலையே இல்ல. இன்னொண்ணு, 50 எம்எம் லென்ஸ வச்சுக்கிட்டு மூஞ்சி கிட்ட போயிராதீங்க, மூக்கு முன்னால வந்துரும், 4, 5 அடி தள்ளி நில்லுங்க.

ஃபிலிம் ஃபோமாபான் 400, செக் நாட்டுல ஹ்ராடெட்ஸ் க்ராலோவேன்னு ஒரு ஊரு, 1921ல இருந்து இருக்க கம்பெனி. 100 அடி சுருளா வாங்கி நானே கேசட்டுல சுத்திக்கிடுதேன், 36 ஃப்ரேம் ரோல் 18 கிட்ட வரும், காசு நல்லா மிச்சம். ஆனா டப்பால ஃபிலிம் வேகம் 400ன்னு போட்டுருக்கத நம்பாதீங்க, நான் கேமராவுல 200னு வச்சு ரெண்டு மடங்கு வெளிச்சம் குடுத்துத்தான் எடுக்கேன், நெழல்ல இருக்க விவரம் அப்பத்தான் நிக்குது. நம்ம ஊட்டியிலயே 1960ல தொடங்குன ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்துச்சு, ‘இந்து’ன்னு பேரு போட்டு ஃபிலிம் வரும், அது இல்லாமப் போனது எனக்கு இன்னைக்கும் ஆத்தாமதான்.

சரி கழுவுவோம். ஃபிலிம்ல படத்த வரவைக்குற மருந்து, டெவலப்பர், ரோடினால், 1891லயே வந்த சரக்கு, 6 மில்லிக்கு 294 மில்லி தண்ணி. நம்ம பக்கம் பெரிய தலவலி சூடுதான். புத்தகத்துல எல்லாம் 20 டிகிரின்னு இருக்கும், மொட்டமாடி டேங்க் தண்ணிய இப்போ தொட்டுப் பாத்தேன், 33. அதுக்குத்தான் இந்த காருகுறிச்சி மண்பானை, இதுல ஊத்தி வச்ச தண்ணி 26ல நிக்கு, ரெண்டு ஐஸ் கட்டிய கவர்ல கட்டி உள்ள விட்டா 24க்கு வந்துரும், அதுக்கு மேல மெனக்கெட மாட்டேன். 20ல 10 நிமிஷம்னா 24ல 7 நிமிஷம் போதும். ஆனா டெவலப்பர், படத்த நெலைக்க வைக்குற ஹைப்போ, கடைசியா அலசுற தண்ணி வரைக்கும் எல்லாம் அதே 24ல இருக்கணும், கேட்டியளா. ஒரு தடவ அலசும்போ மட்டும் பைப்ப தொறந்து விட்டேன், சூட்டுல ஃபிலிம் மேல பூசிருக்க ஜெலட்டின் ஊறி கொழகொழன்னு ஆகி, என் நகம் பட்ட எடமெல்லாம் உரிஞ்சு வந்துருச்சு, அதுல என் சின்ன ஆச்சி படம் ரெண்டு போச்சு.

ஊத்தியாச்சு. மொத 30 செகண்டு விடாம கவுத்து கவுத்து எடுக்கணும், பெறகு நிமிஷத்துக்கு 10 செகண்டு, ரொம்ப ஆட்டுனா சேல வெளுத்துப் போயி மடிப்பு தெரியாது.

...7 நிமிஷம் ஆச்சு. தண்ணி விட்டு ஒரு அலசு, அடுத்து ஹைப்போ. ஹைப்போ எவ்வளவு நேரம்னு கேப்பீங்க, ரோல் முனையில வெட்டுன துண்டு ஒண்ணு வச்சுருக்கேன் பாருங்க, பால் கலர்ல இருக்குல்லா, அத ஹைப்போல போட்டு தெளியுறதுக்கு எவ்வளவு நேரமோ அதுல ரெண்டு மடங்கு. கடைசி அலசல் மட்டும் மெக்கானிக் கடையில வாங்குன பேட்டரி தண்ணியில, போர் தண்ணின்னா காஞ்சதும் வெள்ளப் புள்ளி விழும்.

தொறக்கேன்... வந்துருச்சு, மக்களே, வந்துருச்சு! லைட்டுக்கு நேரா பிடிக்கேன், இங்கன பாருங்க, இந்த 14வது ஃப்ரேம். ஆச்சிக்கு சின்ன வயசுலயே காது வடிச்சு பாம்படம் போட்டுருந்தாவ, அத்த கல்யாணத்துக்கு அத அழிச்சுட்டாவ, தொங்குற வெறுங்காது மட்டும் தோளு கிட்ட வரைக்கும் இருக்கும், அந்த காது ஓரம் மெல்லிசா ஒரு கோடு ஓடுது பாத்தியளா, கன்னத்து சுருக்கம் ஒண்ணொண்ணும் எண்ணலாம்.

ஆச்சி, இங்கன வாங்க, பாருங்க.

“எய்யா, யாருடே இது, முடியெல்லாம் கருகருன்னு இருக்கு!”

நெகட்டிவ்லா ஆச்சி, நாளைக்கு காஞ்சதும் ஸ்கேன் போட்டா நரச்ச முடியா மாறிரும். இத கொடியில தொங்க விட்டுட்டு, தூசி படாம கதவ சாத்திட்டு வாரேன்.