நீட்சே, காஃப்கா மூலநூல்கள் இணையத்துல இருக்கே, அதை வச்சே ஆய்வு பண்ணலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழ நிறைய கேள்வி வந்திருந்தது. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா இதுக்கே நேரம் ஆயிடும். ஜெர்மன் தத்துவக்காரர் நீட்சே, ஜெர்மன்ல எழுதின கதாசிரியர் காஃப்கா, இவங்க ரெண்டு பேரைப் பத்தி ஒரு ஆய்வு மாணவி கேட்டிருக்காங்க. அப்படியே வாசிக்கறேன்: "சார், நான் ஜெர்மன் ஓரளவு படிச்சிருக்கேன். நீட்சே, காஃப்கா ரெண்டு பேரையும் வச்சு முனைவர் பட்ட ஆய்வு பண்ணலாம்னு இருக்கேன். ஜெர்மனிக்குப் போய் உட்கார்ந்து படிக்க வசதி இல்ல. மூலநூல்கள் எல்லாம் நெட்லயே இலவசமா இருக்கு. அதை வச்சே பண்ணலாமா? என் நெறியாளர் அச்சுப் புத்தகம்தான் ஆதாரம், நெட்ல இருக்கறதை நம்பாதேன்னு சொல்றார்."

பண்ணலாம்மா. தாராளமா பண்ணலாம். ஆனா உங்க நெறியாளர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு. நெட்ல இருக்கறதை அப்படியே நம்பக்கூடாதுங்கற வரைக்கும் அவர் சரி. அச்சுல இருந்தா நம்பலாம்னு நினைக்கறார் பாருங்க, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க எடுத்திருக்கற ரெண்டு பேருமே அச்சுப் புத்தகத்தால பெரிசா அடிபட்டவங்க.

நீட்சேவை எடுத்துக்கோங்க. 1889 ஜனவரியில இத்தாலியில டுரின் நகரத்துல அவருக்கு மனநிலை குலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எழுதவே இல்ல. 1900-ல இறந்துட்டார். அடுத்த வருஷமே, 1901-ல, அவர் பேர்ல ஒரு புத்தகம் வருது. 'அதிகாரத்துக்கான விழைவு'ன்னு தமிழ்ல சொல்லலாம். அதுல 483 பத்தி. 1906-ல அதே புத்தகம் திரும்ப வருது, இப்ப 1067 பத்தி! செத்தவர் எப்படிங்க அஞ்சு வருஷத்துல புத்தகத்தை ரெண்டு மடங்காக்கினார்? அவர் ஆக்கலை. அவர் தங்கச்சி எலிசபெத்தும், பேட்டர் காஸ்ட்டுங்கற நண்பரும் நோட்டுப் புத்தகங்கள்ல இருந்து துண்டு துண்டா வெட்டி, தலைப்பு போட்டு, வரிசைப்படுத்திக் கட்டினது. அப்படி ஒரு புத்தகம் எழுதணும்னு நீட்சேவுக்குத் திட்டம் இருந்தது உண்மை. ஆனா 1888 கடைசியில அவரே அதைக் கைவிட்டு, அந்தக் குறிப்புகள்ல ஒரு பகுதியை எடுத்து வேற சின்னச் சின்ன நூல்களா ஆக்கிட்டார்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தத் தொகுப்புல நீட்சேவோட சொந்தக் கருத்துன்னு அச்சாகியிருந்த சில பத்திகள், அவர் டால்ஸ்டாயைப் படிக்கும்போது நோட்டுல எடுத்து எழுதி வச்ச குறிப்புகள். நாம லைப்ரரியில உட்கார்ந்து நோட்ஸ் எடுப்போமே, அது மாதிரி. அதை எடுத்து "நீட்சே சொல்றார்"னு போட்டுட்டாங்க. அரை நூற்றாண்டுக்கு மேல உலகம் முழுக்க அதைத்தான் அவரோட தலையாய நூல்னு பேசிட்டிருந்தாங்க.

இதை யார் வெளிக்கொண்டு வந்தாங்க? ரெண்டு இத்தாலிக்காரங்க. ஜோர்ஜோ கோல்லி, மாத்ஸினோ மொந்தினாரி. 1961-ல மொந்தினாரி வைமர் நகரத்துக்குப் போறார். அது அப்ப கிழக்கு ஜெர்மனி. கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு நீட்சேன்னாலே ஆகாது, ஆனா அவரோட கையெழுத்துப் பிரதிகள் அங்க பத்திரமா இருந்தது. அங்கேயே பல வருஷம் தங்கி, ஒவ்வொரு நோட்டையும் அது எழுதப்பட்ட கால வரிசையில படிச்சு எடுத்தார். 1967-லேர்ந்து அந்தப் பதிப்பு அச்சுல வர ஆரம்பிச்சது. அதுல 'அதிகாரத்துக்கான விழைவு'ங்கற புத்தகமே கிடையாது. குறிப்புகள் இருக்கு, எந்த நோட்டுல எங்க இருந்ததோ அங்க இருக்கு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அந்த கோல்லி, மொந்தினாரி பதிப்புதான் 'நீட்சே சோர்ஸ்'ங்கற தளத்துல, பாவ்லோ தியோரியோ பொறுப்புல, முழுசா இலவசமா இருக்கு. அச்சுல இருந்த பிழைகளையும் திருத்திப் போட்டிருக்காங்க. ஒவ்வொரு குறிப்புக்கும் தனி முகவரி. பக்கத்துலயே பல நோட்டுகளோட படமும் பார்க்கலாம். 1881-ல ஒரு நோட்டுல ஒரே ஒரு வரி இருக்கு: "நான் என் குடையை மறந்துட்டேன்." அவ்வளவுதான், மேற்கோள் குறிக்குள்ள. பிரெஞ்சுத் தத்துவக்காரர் தெரிதா இந்த ஒரு வரியை வச்சு என்னென்னமோ எழுதியிருக்கார். அந்தக் குடைக்கும் அங்க தனி முகவரி உண்டு! எது தத்துவம், எது குடைன்னு பதிப்பாசிரியர் முடிவு பண்ணலை, உங்ககிட்ட விட்டுட்டார். தங்கச்சி பண்ணினதுக்கு நேர் எதிர் வேலை.

ஆக, பழைய புத்தகக் கடையில தோல் அட்டை போட்ட 1906 பதிப்பை வாங்கி வச்சுக்கிட்டு "அச்சு ஆதாரம்"னு சொல்றவரை விட, இந்தத் தளத்துல இருந்து மேற்கோள் காட்டுற நீங்கதான் கெட்டியான தரையில நிக்கறீங்க. இதை உங்க நெறியாளர்கிட்ட கொஞ்சம் பணிவா சொல்லுங்க. (சிரிக்கிறார்)

ஆனா அதே நெட்ல, அந்த 1906 தொகுப்போட ஸ்கேனும் இலவசமா கிடக்கு. நீங்க தேடினா அதுவும் வரும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால அச்சா, நெட்டாங்கறது கேள்வியே இல்லம்மா. எந்தப் பிரதியிலேர்ந்து எடுத்தது, யார் எடுத்தது, எதை விட்டாங்க? இந்த மூணுக்கும் பதில் அந்தப் பக்கத்துலயே எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மூடிட்டு அடுத்ததுக்குப் போங்க.

காஃப்காவுக்கு வருவோம். இங்க கதை கொஞ்சம் வேற. 'விசாரணை' நாவலை அவர் 1914-15-ல எழுதினார், முடிக்கலை. நோட்டுலேர்ந்து தாளைக் கிழிச்சு கட்டுக் கட்டா வச்சிருந்தார். எந்தக் கட்டுக்கு அப்புறம் எந்தக் கட்டுன்னு அவர் எண் போடவே இல்ல. 1924-ல இறந்ததும், நண்பர் மாக்ஸ் ப்ரோட் 1925-ல அதை வரிசைப்படுத்தி, முடியாத துண்டுகளை ஒதுக்கி, ஒரு முழு நாவல் மாதிரி வெளியிட்டார். ப்ரோட் இல்லைன்னா நமக்குக் காஃப்காவே இல்ல. அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா அந்த அத்தியாய வரிசை ப்ரோட் போட்டது. நெட்ல இலவசமா கிடைக்கற 'விசாரணை' பெரும்பாலும் அந்த ப்ரோட் வழி வந்ததுதான்.

கையெழுத்துப் பிரதி 1988-ல லண்டன் ஏலத்துல சுமார் 10 லட்சம் பவுண்டுக்குப் போய், இப்ப ஜெர்மனியில மார்பாக் இலக்கிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. அதை வச்சு ரோலண்ட் ரொய்ஸ், பேட்டர் ஷ்டேங்லேன்னு ரெண்டு பேர் 1997-ல ஒரு பதிப்பு போட்டாங்க. 16 தனித்தனிச் சின்னப் புத்தகம், ஒரு பெட்டிக்குள்ள. எந்த வரிசையில படிக்கறதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க! இடது பக்கம் கையெழுத்துப் படம், எதிர்ல அச்சு வடிவம், அடிச்ச சொல்லு அடிச்ச மாதிரியே இருக்கும். முதல் வாக்கியத்துலயே ஒரு விஷயம் தெரியும். 'ஒரு நாள் காலையில அவன் கைது செய்யப்பட்டான்'னு நாம படிக்கறோமே, முதல்ல காஃப்கா அங்க எழுதினது 'சிறைப்பட்டிருந்தான்'ங்கற பொருள்ல. அப்புறம் அடிச்சிட்டு 'கைது செய்யப்பட்டான்'னு மாத்தியிருக்கார். இந்த ஒரு திருத்தத்தை வச்சே நீங்க ஒரு அத்தியாயம் எழுதலாம்.

இந்த ரொய்ஸ் இருக்காரே, 2009-ல 'ஹைடல்பெர்க் வேண்டுகோள்'னு ஒண்ணு கிளப்பினார். கூகுள் புத்தகங்களை ஸ்கேன் பண்ணிப் போடறதையும், ஆய்வுகளைக் கட்டாயமா இணையத்துல திறந்து வைக்கச் சொல்றதையும் எதிர்த்து. எழுத்தாளனோட உரிமை போகுதுன்னு. நிறைய பெரிய பேர்கள் கையெழுத்துப் போட்டாங்க. காஃப்காவோட ஒவ்வொரு அடித்தலையும் உலகத்துக்குக் காட்டணும்னு உழைச்ச மனுஷன் நெட்டுக்கு எதிரா நின்னார். முரண்பாடா தெரியும். எனக்கு அப்படித் தோணலை. எதையும் கவனமா பதிப்பிக்கத் தெரிஞ்சவனுக்கு, கவனமில்லாம கோடிக்கணக்குல ஸ்கேன் பண்றதைப் பார்த்தா வயிறு எரியத்தான் செய்யும். அவர் சொன்ன தீர்வு எனக்கு உடன்பாடில்ல, எரிச்சல் புரியுது.

அந்த எரிச்சல் எதுக்குன்னு ஒரு உதாரணம். பழைய ஜெர்மன் புத்தகங்கள் ஃப்ராக்துர்ங்கற வளைஞ்ச எழுத்துல இருக்கும். அதுல சொல்லுக்கு நடுவுலயும் முதல்லயும் வர்ற 'ஸ்' நீட்டமா இருக்கும், 'ஃப்' மாதிரியே தெரியும். 'ஸைன்'னா அவனுடைய, இல்ல இருத்தல். 'ஃபைன்'னா நுட்பமான, நேர்த்தியான. ஸ்கேன் படத்தை எழுத்தா மாத்த மெஷின் படிக்கும்போது இருத்தல் நேர்த்தியாயிடும்! தத்துவ நூல்ல இது நடந்தா யோசிச்சுப் பாருங்க. நம்ம பழைய அச்சுல ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாம முழிப்போம்ல, அதே கதைதான். நானே ஒரு தடவை ஒரு கட்டுரையில இப்படி மெஷின் படிச்சதை அப்படியே எடுத்துப் போட்டு, கூட்டத்துல ஒருத்தர் எழுந்து கேட்டு, மானம் போச்சு.

இதுக்கு ஜெர்மன்காரங்க கண்டுபிடிச்ச ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிரிம் சகோதரர்கள், தேவதைக் கதை கிரிம்தான், அவங்க 1838-ல ஒரு அகராதி ஆரம்பிச்சாங்க. முதல் தொகுதி 1854-ல வந்தது. யாகோப் கிரிம் 1863-ல இறக்கும்போது 'எஃப்' எழுத்தைக்கூடத் தாண்டலை. அகராதி முடிஞ்சது 1961-ல. அதை ட்ரியர் பல்கலைக்கழகம் கணினிக்குக் கொண்டு வரணும்னு வந்தப்போ, மெஷினை நம்பலை. சீனாவுல ஆளை வச்சு, முழு அகராதியையும் ரெண்டு தடவை தனித்தனியா கையால தட்டச்சு பண்ண வச்சாங்க. ரெண்டையும் ஒப்பிட்டு, எங்க வித்தியாசமோ அங்க மட்டும் சரிபார்த்தாங்க. மொழி தெரியாதவங்க தட்டச்சு பண்றதுல ஒரு லாபம் இருக்கு, சொந்தப் புத்தியைப் போட்டுத் திருத்த மாட்டாங்க. கண்ணுல தெரியறதை அடிப்பாங்க. இப்ப அந்த அகராதி யாருக்கும் இலவசம். பெர்லின் அகாதமியோட 'டாய்ச்சஸ் டெக்ஸ்ட்ஆர்கிவ்'னு, பழைய ஜெர்மன் நூல்களுக்கான இணையக் காப்பகம் ஒண்ணு 2007-லேர்ந்து இருக்கு. முடிஞ்சவரை முதல் பதிப்பிலேர்ந்து எடுத்தது, பக்கத்துக்குப் பக்கம் படமும் எழுத்தும் எதிரெதிரே. உங்களுக்குச் சந்தேகம் வந்தா படத்தைப் பார்த்துக்கலாம். இந்த மாதிரி இடத்துலேர்ந்து எடுங்க.

காப்புரிமை பத்தியும் ஒரு வார்த்தை. நீட்சே, காஃப்காவுக்குப் பிரச்சினை இல்ல. அடுத்து நாவலாசிரியர் தாமஸ் மன் மாதிரி பிற்காலத்து ஆசிரியர்கள் பக்கம் போனீங்கன்னா கவனம். ஜெர்மனியில ஆசிரியர் இறந்து 70 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கும். இந்தியாவுல 60. அமெரிக்காவுல பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டுக் கணக்கு. தாமஸ் மன் 1955-ல இறந்தார். அவர் நூல்கள் சிலது அமெரிக்காவுல உரிமை முடிஞ்சு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ங்கற இலவச மின்னூல் தளத்துல இருந்தது, ஜெர்மனியில அப்ப உரிமை முடியலை. ஃபிஷர் பதிப்பகம் வழக்குப் போட்டாங்க, தாமஸ் மன், அவர் அண்ணன் ஹைன்ரிஹ் மன், ஆல்ஃப்ரெட் டோப்ளின், மூணு பேரோட 18 நூலுக்காக. 2018-ல ஃப்ராங்க்ஃபுர்ட் நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல, அந்தத் தளம் 18 நூலை மட்டும் மூடாம ஜெர்மனி முழுசுக்கும் கதவைச் சாத்திடுச்சு! பழைய ஜெர்மன் கவிகள் கதே, ஷில்லர் எல்லாம் சேர்த்து. 2021-ல சமரசம் ஆன பிறகுதான் திறந்தாங்க. மூணு வருஷத்துக்கு மேல, ஜெர்மன்காரன் திறக்க முடியாத பக்கத்துல நாம இங்க உட்கார்ந்து கதே படிச்சோம். மொழிபெயர்ப்புக்கு உரிமை தனி, அதை மறந்துடாதீங்க. மூலம் பொதுவுடைமை ஆயிட்டா ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

கடைசியா, நீங்க கேட்காத ஒண்ணு. நீட்சே, காஃப்கா ரெண்டு பேருக்கும் உலகம் முழுக்க ஆள் இருக்கு. உங்களுக்கு ஜெர்மனும் தெரியும், தமிழும் தெரியும். அப்படிப்பட்டவங்க கையில கிடைக்க வேண்டிய ஒரு குவியல் நெட்ல இருக்கு. 1706-ல தரங்கம்பாடிக்கு வந்தார் பாருங்க ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அவரும் அவர் கூட்டாளிகளும் எழுதின அறிக்கைகள் 1710-லேர்ந்து ஜெர்மனியில ஹாலே நகரத்துல அச்சாச்சு. ஹாலேயில இருக்கற ஃப்ராங்கே அறக்கட்டளை அதை டிஜிட்டல் பண்ணி வச்சிருக்கு. அதுக்குள்ள 'மலபார் கடிதங்கள்'னு ஒரு பகுதி வருது. அந்தக் காலத்துல தமிழரை மலபார்னுதான் சொன்னாங்க. சாமி, சடங்கு, சாதி, மருத்துவம்னு மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்கு இங்க இருந்த தமிழர்கள் எழுதின பதில்கள். தமிழ்ல எழுதினது தொலைஞ்சு போச்சு, நம்மகிட்ட இருக்கறது ஜெர்மன் மொழிபெயர்ப்பு. நம்ம ஆள் பேசினது ஜெர்மன் ஃப்ராக்துர்ல உட்கார்ந்திருக்கு. எந்த வாக்கியம் தமிழனோடது, எது மொழிபெயர்த்த பாதிரியாரோடதுன்னு, ரெண்டு மொழியும் காதுல கேட்கற ஒருத்தராலதான் பிரிக்க முடியும்.

ஆய்வுத் தலைப்பை மாத்துங்கன்னு சொல்லலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து நாலு கடிதம் படிச்சுப் பாருங்க, பார்த்துட்டுக் கீழ எழுதுங்க. சரி, நேரம் ஓடிடுச்சு, மத்த கேள்விகளை அடுத்த வாரம் எடுத்துக்கறேன்.