நெடுங்கல்லைக் காத்தது ஊர்க்கதையே!

நடுவர் அவர்களே, வணக்கம். நெடுங்கல் என்பது பழங்காலத்தார் நட்டு வைத்த உயரமான ஒற்றைக் கல். அதைக் காத்தது சட்டமா, ஊர்க்கதையா என்பது கேள்வி. சட்டத்தின் பக்கம் பேசிய ஐயா பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை எடுத்து வைத்தார். சின்னத்தைச் சுற்றிக் கட்டடம் கூடாது என்று 2010 திருத்தம் போட்ட 100 மீட்டர் தடையைச் சொன்னார். சரிதான். ஆனால் அந்த 100 மீட்டர், அரசு அறிவித்த சின்னத்துக்கு மட்டும்தானே? கொல்லை நடுவே ஒற்றையாய் நிற்கிற குத்துக்கல்லுக்கு எந்த அரசாணை குடை பிடித்தது?

கல் எப்படி நிற்கிறது, பாருங்கள். குழி தோண்டி, அடிப்பகுதியை இறக்கி, சுற்றிலும் சில்லுக்கல்லை இறுக அடைத்து மண் மூடியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை கூடக் கிடையாது. கல்லின் எடையும் அந்தச் சில்லும்தான் பிடிமானம். ஏர் ஒட்டி ஓடினால் முதலில் கலைவது சில்லு. அந்த இடுக்கில் மழைநீர் இறங்கும், மண் இளகும், கல் சாயும். சாய்ந்த கல் அப்புறம் கல்லா? யார் வீட்டுக்கோ வாசற்படி! ஆக, அடியைச் சுற்றி நாலு முழம் உழாமல் விட்டால்தான் கல் பிழைக்கும். "அங்கே முனி நிற்குது, கலப்பை படக்கூடாது" என்ற கதை விடவைத்தது அந்த நாலு முழத்தைத்தான்.

தெலங்கானாவில், கிருஷ்ணா ஆற்றங்கரையில் முடுமால் என்று ஓர் ஊர். 10 முதல் 14 அடி உயரத்தில் ஏறத்தாழ 80 கற்கள். ஊரார் வைத்த பெயர் 'நிலுவு ராள்ளு', நிற்கிற கற்கள். சாபத்தால் கல்லாய்ப் போன மனிதர்களாம். ஒரு கல்லை எல்லம்மா என்றே கும்பிடுகிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அந்த இடம் சேர்ந்தது 2025இல்தான். அதற்கு முன்னால் காவல் யார்? சம்பளமே வாங்காத அந்தச் சாபம்!

"கதை பொய், பழைய கல்லறைகளைப் பாண்டவர் குழி, வாலியர் வீடு என்று சொல்லிப் புதையல் ஆசையைக் கிளப்புகிறது" என்றார் ஐயா. பாண்டவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரும்புக்கால ஈமச்சின்னங்கள் இவை. தோண்டுகிறவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கறுப்பு-சிவப்புப் பானை ஓடும் துருவேறிய இரும்பும்தான். ஆனால் தோண்டவைத்தது பேராசை. பயமுறுத்தித் தடுத்ததும் இதே கதைதானே, ஐயா?

வீரனுக்காக நடும் நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். நடுவது நான்காவதுதான். வாழ்த்திப் பேசினால்தான் வேலை முடிகிறது!

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு: கும்பிடுகிறோம் என்று எண்ணெய் ஊற்றி, நடுகல்லில் வெட்டிய எழுத்தைக் கெடுத்தார்களாம். உண்மைதான், எங்கள் தரப்புக்கு இடிக்கிற இடம் இது. கல்லெழுத்தைப் படிக்க ஈரத்தாளை ஒட்டி மை தட்டிப் படி எடுப்பார்கள்; எழுத்துக்குழியில் பிசுக்கு அடைந்தால் அந்தத் தாள் ஒட்டாது, மைப்படி தெளியாது. கம்பி பிரஷ் போட்டாலோ பிசுக்கோடு எழுத்தும் போகும். பொறுமையாக, மெல்லிய பிரஷ்ஷால்தான் எடுக்கவேண்டும். எடுத்துவிடலாம், நடுவர் அவர்களே. கிரஷரில் ஜல்லியாகிப் போன கல்லில் எதைத் தேய்ப்பது?

மணி அடித்துவிட்டீர்கள். அமர்கிறேன்.