நைட் ஷிப்ட் முடிந்தவருக்கு ஒரு கட்டில்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, ஈப்போவில் இன்னொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு நம்மோடு அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, ஒலிபெருக்கி தந்து உதவிய கோயில் தலைவர் அவர்களே, நாற்காலி போட்டு, கோப்பி கலந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, வேலை முடிந்து நேராக ஓடி வந்திருக்கும் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: தூக்கம் ஏன் நம்மை அழுத்துகிறது, கோப்பி அதை என்ன செய்கிறது, இரவு வேலை முடிந்தவர்களுக்கு ஆலையில் ஓர் ஓய்வறை எதற்கு. 'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்றார்கள் பெரியவர்கள். கல்லிலும் படுக்க வைக்கும் அந்த நித்திரைக்குப் பின்னால் ஒரு ரசாயனம் இருக்கிறது.

மூளை ஏடிபி என்ற சக்தி தரும் பொருளைச் செலவழித்துத்தான் வேலை செய்கிறது. அது உடைய உடைய அடினோசின் என்ற பொருள் மிஞ்சுகிறது. விழித்திருக்க விழித்திருக்க, முன்மூளையின் அடிப்பகுதியில் அடினோசின் ஏறி, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்புச் செல்களை அடக்குகிறது. பூனைகளைத் தூங்கவிடாமல் வைத்து அளந்து 1997இல் இதை வெளியிட்டார்கள். தூங்கினால் அது இறங்கும். இழந்த மணிக்கணக்கு முழுவதையும் மூளை திருப்பிக் கேட்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. 1964 ஜனவரியில், 264 மணி நேரம் கண்விழித்து முடித்த ராண்டி கார்ட்னர் என்ற அமெரிக்க மாணவர், அப்புறம் ஒரே மூச்சில் தூங்கியது 14 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான்.

சரி, பால் சேர்க்காத நம் கோப்பி ஓ? அதிலுள்ள கெஃபீன், அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை. அசதி தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

எங்கள் மாமா செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, விடியற்காலை வீட்டுக்கு வந்தார். அத்தை எண்ணெய் காய்ச்சித் தயாராக நின்றார். "அஞ்சு நிமிஷம்" என்று வீட்டு முன் நடையில் சாய்ந்தவர், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் காலடியில் சரவெடி கொளுத்தினார்கள், அசையவில்லை. மலாய் நண்பர் ஒருவர் வந்து, தோசையும் ஆட்டிறைச்சிக் குழம்பும் சாப்பிட்டு, காதருகே குனிந்து 'செலாமாட் தீபாவளி' சொல்லிவிட்டுப் போனார், ம்ஹூம். சாயங்காலம் விளக்கேற்றும்போது எழுந்து அத்தையிடம், "எண்ணெய் ஆறிடப் போவுது, கொண்டா" என்றார்!

சிரிக்கிறீர்கள். அத்தை அன்று அழுதார். அந்தக் கண்ணோடுதானே மாமா லாரி ஓடும் சாலையில் மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தார்? நித்திரை சுகம் அறியாது என்றால், கைப்பிடி கையில் இருப்பதையும் அறியாது.

அதனால்தான் கேட்கிறேன். இரவு வேலை முடிந்தவர்கள் மோட்டாரை எடுக்குமுன் கொஞ்ச நேரம் படுக்க, ஆலைக்குள் ஓர் ஓய்வறை வேண்டும். நாலு கட்டில், மின்விசிறி, வெளிச்சம் புகாத திரை, பெண்களுக்குத் தனி அறை. நிர்வாகம் இடமில்லை என்கிறது. எடைமேடைக்குப் பக்கத்தில் பழைய உர ஸ்டோர் பூட்டிக் கிடப்பது இங்கே யாருக்குத் தெரியாது?

வாசல் மேசையில் மனு இருக்கிறது. ஐசி, அதாவது அடையாள அட்டை எண் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டத்தோ அவர்கள் கார் ஏறுமுன் அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.