தாளை மூடிவிட்டுக் குதிரையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பந்தயக் குதிரைப் பண்ணைகளில் கால்நடை மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இணை சேர்க்கும் பருவம் தொடங்குவதற்கு முன்னால் பண்ணை அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். இந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிகுதிரை என்பதுதான் பேச்சு. மேசை நிறைய வம்சாவளித் தாள்கள் கிடக்கும். அங்கே நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: தாளைக் கொஞ்சம் மூடிவிட்டு, பெட்டையை வெளியே நடத்திக் காட்டுங்கள்.

வம்சாவளியை நான் குறைத்துப் பேசவில்லை. கலிலியோ என்ற பொலிகுதிரையை டேன்ஹில் என்ற இன்னொரு பொலிகுதிரையின் மகள்களோடு சேர்த்தபோது நல்ல குட்டிகள் தொடர்ந்து பிறந்தன. 2008இல் பிறந்த ஃபிராங்கெல் அப்படி வந்ததுதான். ஓடிய 14 பந்தயங்களிலும் ஜெயித்தது. அதன் தாளைப் பார்த்தால் நார்தர்ன் டான்சர் என்ற பெயர் தந்தை வழியில் மூன்றாம் தலைமுறையிலும், தாய் வழியில் நான்காம் தலைமுறையிலும் வரும்.

சரி, அதே தாய் தந்தைக்குப் பிறந்த தம்பி நோபிள் மிஷன். தாளில் இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. ஆனால் அண்ணன் இரண்டு வயதிலேயே உச்சத்துக்குப் போனது. தம்பிக்கு முதல்தரப் பந்தயம் ஒன்றை ஜெயிக்க 2014 வரை, அதாவது ஐந்து வயது வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. தாள் சொல்லாத ஏதோ ஒன்று உடம்பில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த நார்தர்ன் டான்சரே குள்ளம். தோள் உயரம் சுமார் 62 அங்குலம்தான். ஒரு வயதில் 25,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தார்கள், வாங்க ஆளில்லை. 1964இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. அப்புறம் ஃபிளேமிங் பேஜ் என்ற பெரிய உடம்புக்காரப் பெட்டையோடு சேர்த்தபோது பிறந்தது நிஜின்ஸ்கி. தந்தையைப் போல இல்லாமல் நெடுநெடுவென்று வளர்ந்தது.

தாயின் உடம்புக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை 1938இல் வெளிவந்த ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வு அழகாகக் காட்டியது. வண்டி இழுக்கும் பிரமாண்டமான ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் இரண்டு விதமாகவும் கலந்து பார்த்தார்கள். கலப்பு ஒன்றுதான், ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப்போல மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, பொலிகுதிரையின் பெயரை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களிடம் தாய் எப்படி என்று கேட்காமல் நான் விட்டதில்லை.

மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவர்கள் சுழி பார்ப்பதோடு நிறுத்துவதில்லை, நடக்கவிட்டுக் கால் வைப்பதையும் பார்ப்பார்கள். இங்கேயும் அதே வேலைதான். குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் தாங்குகின்றன. பக்கத்தில் நின்று பார்க்கும்போது முழங்கால் பின்பக்கமாக வளைந்திருந்தால் எனக்குப் பயம். களைத்த குதிரை ஓடும்போது அந்த மூட்டு இன்னும் பின்னால் போய் எலும்புச் சில்லு பெயர்ந்துவிடும். குளம்பு சற்று வெளியே திரும்பியிருப்பதை அவ்வளவு பெரிதாக எடுக்க மாட்டேன். வலது முன்னங்கால் வெளியே திரும்பிய சியாட்டில் ஸ்லூ 17,500 டாலருக்குத்தான் விலைபோனது. 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் அதுதான் ஜெயித்தது.

ஒரு குறையை அதற்கு நேர்எதிரான குறையால் சரிக்கட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நெட்டையையும் குட்டையையும் சேர்த்தால் நடுத்தரம் வரும் என்று சொல்ல முடியாது. பெரிய உடம்பும் சிறிய காலுமாகக்கூட வரலாம். பெட்டைக்கு எந்த இடத்தில் குறையோ, அந்த இடம் சரியாக அமைந்த பொலிகுதிரையைத் தேடுங்கள். தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியில்லை. சினைக்காலம் 11 மாதம். தவறான ஒரு தேர்வுக்கு ஒரு வருடம் போய்விடும்.

பின்வளைந்த முழங்கால் உள்ள ஒரு பெட்டை எங்களிடம் இருந்தது. தாளில் அருமையாகப் பொருந்தியது என்று, அதே குறையுள்ள பெயர்பெற்ற பொலிகுதிரையோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டி பயிற்சியிலேயே மூட்டு உடைந்து நின்றது. பந்தயம் ஒன்றுகூட ஓடவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அடுத்த பருவத்தில் நாங்கள் மன்றாடி, கட்டணம் குறைந்த, முழங்கால் நேரான ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்க வைத்தோம். குட்டி தாயோடு மேய்ச்சலுக்கு வந்த நாளிலிருந்து, வாரம் தவறாமல் பக்கத்தில் மண்டியிட்டு அதன் முழங்காலைத்தான் பார்த்தேன். நேராகவே இருந்தது.